கொசுறு இலைகள்

ஆங்கிலத்தில் 'ஹெர்ப்' என்றொரு சொல் உண்டு. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எங்களுக்கு அச்சொல் எத்தனையோ முறை தொல்லை கொடுத்திருக்கிறது. 'மூலிகை' என்று எழுதினால் மருந்துக் கடை நினைவுக்கு வருகிறது. 'கீரை' என்று எழுதினாலோ தண்டுக்கீரையும் முளைக்கீரையும் கண்முன் வந்து நிற்கின்றன. கறிவேப்பிலை, கொத்தமல்லி, புதினா ஆகிய மூன்றையும் ஒருங்கே சுட்டுவதற்கு நம் அடுக்களையில் பொதுப் பெயர் ஒன்றும் வழங்குவதாகத் தெரியவில்லை. ஆனால் காய்கறிக் கடையில் ஒரு பெயர் உண்டு. அது 'கொசுறு' என்பது. வாங்கிய காய்க்கெல்லாம் காசு எண்ணிக் கொடுத்த பின்பு, விலை சொல்லாமல் பையின் மேல் வைத்துத் தரப்படும் பொருள் அது. மும்பை நகரிலும் கடைக்காரர் இரண்டு பச்சை மிளகாயும் ஓர் இணுக்குக் கடீபத்தாவும் அவ்வாறு வைத்துத் தருவது வழக்கம். மழைக்காலத்தில் கொத்தமல்லிக் கட்டின் விலை ஏறும்போது அவர் கை சற்றே பின்வாங்கும். அப்போதுதான் இந்த இலைகள் இல்லாத ரசம் எத்தகையது என்று நமக்குத் தெரிய வருகிறது.

இவற்றை வீட்டிலேயே வளர்ப்பதைப் பற்றியும், வளர்த்ததைச் சமைப்பதைப் பற்றியும் நேயர்களோடு சற்று உரையாட விரும்புகிறோம். தோட்டக் கலை அறிந்தவர்கள் நாங்கள் அல்லோம். மூன்று கறிவேப்பிலைக் கன்றுகளில் இரண்டைச் சாகக் கொடுத்தவர்கள் என்பதே எங்களுடைய தகுதி.

கறிவேப்பிலை நம்மவருக்குப் பழைய உறவு. 'கஞ்சகம்' என்ற பெயரில் அது பெரும்பாணாற்றுப்படையிலேயே இடம் பெற்றிருக்கிறது. மாதுளங்காயை வெண்ணெயில் வேகவைத்து, மிளகுப் பொடியும் கஞ்சகத்தின் இலையும் கூட்டி விருந்தினருக்கு இட்ட செய்தி அந்நூலில் காணப்படுகிறது. அக்காலத்தில் 'கறி' என்ற சொல்லுக்கு மிளகு என்பதும் பொருள். இந்த இலைக்கு மேல்நாட்டார் அறிவியற் பெயர் இட்டதும் தமிழ் மண்ணின் வழியாகத்தான் என்று சொல்லலாம். லின்னேயஸ் என்ற பேரறிஞரின் மாணவராகிய கோனிக், 1768-ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தவர். கறிவேப்பிலையின் அறிவியற் பெயரின் பின்பாதியில் இன்றும் அவர் பெயரே நிற்கிறது. அதனைத் தங்கள் அடுக்களையில் நாள்தோறும் தாளித்தவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை என்பது வேறு செய்தி.

கறிவேப்பிலை ஒன்றை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசியால் குத்தியதுபோல் ஒளிப் புள்ளிகள் தெரியும். மணம் தரும் எண்ணெய் அப்புள்ளிகளுக்குள்ளேதான் இருக்கிறது. எலுமிச்சை இலையிலும் இதனைக் காணலாம். இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. புதினாவின் தண்டை விரலால் உருட்டினால் அது நாற்சதுரமாயிருப்பது தெரியும். துளசியும் கற்பூரவள்ளியும் அவ்வாறே. அம்மூன்றும் ஒரு குடும்பம். கொத்தமல்லியோ சீரகம், ஓமம், பெருங்காயம் ஆகியவற்றின் உறவு. இவற்றின் எண்ணெய் காற்றில் எளிதிற் பறந்துவிடும் இயல்புடையது. பறித்த கணத்தில் உள்ள மணம் மறுநாள் இருப்பதில்லை. செடியை வீட்டில் வைத்துக்கொள்வதில் உண்மையான ஆதாயம் இதுவே. காசு மிச்சமாகும் என்று எண்ணி யாரேனும் இதில் இறங்கினால், தொட்டிக்கும் மண்ணுக்கும் கொடுத்த விலையைக் கணக்கிட்டுப் பார்த்து ஏமாற்றம் அடைவார்கள்.

எங்கள் குடும்பம் முதலில் தாராவியில் வாழ்ந்தது. தோல் பதனிடும் தொழிலையொட்டித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அங்கே தமிழர் குடியேறத் தொடங்கியது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில். எங்கள் பெற்றோர் வெகு பின்னால் வந்து சேர்ந்தவர்கள். தொண்ணூறு அடிச் சாலைக்கு உட்புறமாக ஒரே அறை. அதன் வாயிற்படியே திண்ணை, அதுவே பாத்திரம் துலக்கும் இடம். அந்த வாயிற்படியின் ஓரத்தில் மஞ்சள் நிற டால்டா தகரம் ஒன்றில் எங்கள் அன்னையார் புதினா வளர்த்து வந்தார். ஊரில் அவர் வீட்டுக் கிணற்றடியில் ஆள் உயரத்துக்கு மேல் ஓங்கிய கறிவேப்பிலை மரம் இருந்ததாம். பம்பாய்க்கு வந்த புதிதில், பச்சையாக எதையாவது கிள்ளிப் போடாமல் உலையிறக்க மனம் வரவில்லை என்று சொல்வார். குழாயில் நீர் வருவது விடியற்காலையில் சில மணி நேரமே. ஆதலால் செடிக்கென்று தனியே நீர் கிடையாது. அரிசி களைந்த நீரே அதற்கு நீர். தகரம் துருப்பிடித்து அடி கழன்றபோது, பக்கத்திலிருந்த கும்பார்வாடாவிற்குச் சென்று மண்தொட்டி வாங்கி வந்தார். சௌராஷ்டிரத்திலிருந்து வந்து குடியேறிய குயவர்கள் வாழும் பகுதி அது. அன்னையாருக்குக் குஜராத்தி தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. தொட்டியைத் தட்டிப் பார்த்து, அது எழுப்பும் ஒலியைக் கொண்டே பேரம் முடிந்தது.

2005-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 26-ஆம் நாளை மும்பைவாசிகள் மறக்கமாட்டார்கள். சாந்தாகுரூஸ் நிலையத்தில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. எங்கள் அறைக்குள் இடுப்பளவு நீர் புகுந்தது. அது மழைநீர் மட்டுமன்று, சாக்கடையும் கலந்த நீர். நீர் வடிந்த பின்பு அன்னையார் முதலிற் செய்தவற்றுள் ஒன்று, புதினாத் தொட்டியை எடுத்துச் சென்று மண்ணையும் செடியையும் ஒருங்கே கொட்டியதுதான். செடி என்னவோ பசுமையாகவே இருந்தது. ஆயினும், பச்சையாக அரைத்து உண்ணும் இலை நின்ற மண்ணில் அந்த நீர் ஏறிய பின்பு அதனைப் பிள்ளைகளுக்கு இடுவதற்கில்லை என்றார். பத்து நாள் கழித்து, மேல்தளத்தில் குடியிருந்த மராத்தியப் பெண்மணி ஒரு போத்தலில் நீர் ஊற்றி நான்கு புதினாத் தண்டுகளைப் போட்டுக் கொண்டுவந்தார். நீருக்குள் வெள்ளை வேர்கள் விட்டிருந்தன. முந்தின ஆண்டு அன்னையார் அவருக்குக் கிள்ளிக் கொடுத்த தண்டிலிருந்து வளர்ந்த செடி அது. இன்று செம்பூரில் எங்கள் வீட்டில் உள்ள புதினா அதன் வழிவந்ததே.

புதினாவிற்கு விதை தேட வேண்டியதில்லை. கடையில் வாங்கிய கட்டிலேயே தடித்த தண்டுகளாக எடுத்து, அடியிலைகளை நீக்கி, நீரில் நிறுத்தினால் ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் வேர் காணும். அதற்கு அரைநிழல் போதும். ஆனால் வேறு செடியோடு ஒரே தொட்டியில் வைத்தல் ஆகாது. மண்ணுக்குள்ளே தண்டோட்டி, பக்கத்துச் செடியின் இடத்தையெல்லாம் அது பிடித்துக்கொள்ளும். கொத்தமல்லி இதற்கு நேர் எதிர். சீக்கிரம் கோபித்துக்கொள்ளும் உறவினரைப் போன்றது. நாம் விதை என்று வழங்கும் உருண்டை உண்மையில் இரண்டு விதைகள் சேர்ந்தது. உள்ளங்கையால் மெல்ல அழுத்தி இரு பாதியாக உடைத்து, ஓரிரவு ஊறவைத்து விதைக்க வேண்டும். முளைக்க ஒரு வாரம் முதல் மூன்று வாரம் வரை ஆகும். நாற்றைப் பிடுங்கி நட்டால் பொறுக்காது. மும்பையில் அக்டோபர் முதல் பிப்ரவரி வரை அதற்கு உகந்த காலம். பங்குனி வெயிலில் இலை விடுவதை நிறுத்திப் பூக்கத் தொடங்கும். ஆடி மழையில் அழுகும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரு கைப்பிடி விதைத்து வந்தால் குளிர்காலம் முழுவதும் தட்டுப்பாடு இராது.

வெந்தயத்தைப் பற்றி ஒரு சொல். கடலோர மணற்பாங்கில் விளைந்த சிறு வெந்தயக் கீரையைச் 'சமுத்ர மேத்தி' என்று மும்பைச் சந்தைகளில் சிறு சிறு கட்டுகளாக விற்பார்கள். அதனை நான்கு விரல் ஆழமுள்ள எந்தத் தட்டிலும் மணல் கலந்த மண்ணிட்டு வளர்க்கலாம். பத்துப் பன்னிரண்டு நாளில் அறுவடை. புதிதாகத் தொடங்குவோர் இதனிலிருந்து தொடங்கினால் மனம் தளராது.

செம்பூருக்கு நாங்கள் குடிபெயர்ந்தது இரண்டு அறை உள்ள வீட்டிற்கு, மூன்றாம் மாடி. கம்பிக் கூண்டு வைத்த தெற்குச் சன்னல் ஒன்றும், சமையலறையில் கிழக்கு நோக்கிய சிறு சன்னல் ஒன்றும் இருந்தன. அன்னையார் கேட்டது ஒரே ஒரு பொருள்: கறிவேப்பிலைக் கன்று. பெரிய சன்னலாயிற்றே என்று தெற்குப் புறத்தில் வைத்தோம். முதற் கன்று ஆனி மாதத்திலேயே போயிற்று. தொட்டியின் அடியில் வைத்த தட்டில் மழைநீர் தேங்கி, வேர் மூச்சு விட வழியின்றி அழுகிவிட்டது. ஆண்டொன்றுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பொழியும் மழையில் பெரும்பகுதி நான்கே மாதத்தில் கொட்டுகிற ஊர் இது என்பதைத் தட்டு வைக்கும்போது எண்ணிப் பார்க்கவில்லை. இரண்டாவது கன்றை நாங்களே கொன்றோம் என்று சொல்வதே முறை. முழங்கால் உயரம் வருவதற்குள் அன்றாடச் சமையலுக்கு அதனை மொட்டையடித்தோம். முதல் ஆண்டில் கறிவேப்பிலையிற் கை வைக்கலாகாது. அதன் பின்பும் இலையை மட்டும் உருவாமல், நுனியோடு இணுக்காக வெட்ட வேண்டும். வெட்டிய இடத்தில் இரண்டு கிளை விடும்.

இவ்விரண்டுக்கும் மேலாக வேறொரு பிழையும் இருந்தது. மும்பை ஏறத்தாழ 19 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. மே மாத நடுவிலிருந்து சூலை இறுதி வரை நண்பகற் கதிரவன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறான். ஆகவே தெற்குச் சன்னலில் அக்காலத்தில் நேர் வெயில் விழுவதில்லை. மார்கழியிலோ அறையின் உட்சுவர் வரை வெயில் வரும். ஆனால் அது கறிவேப்பிலை இலை உதிர்த்து உறங்கும் காலம். வேண்டும்போது கிட்டாமலும் வேண்டாதபோது கொட்டியும் நின்றது வெயில். சிறிய கிழக்குச் சன்னலில் ஆண்டு முழுவதும் காலை வெயில் உண்டு. மூன்றாவது கன்றை அங்கே வைத்தோம். அதற்காகச் சமையலறையில் ஈரத்துணி உலர்த்தும் கொடியைக் கழற்ற வேண்டியதாயிற்று. இல்லத்தில் இரண்டு நாள் அது ஒரு வழக்காகவே நடந்தது. செம்மண்ணும் மக்கிய சாணமும் சரி பாதியாகக் கலந்து, சிறிது மணலும் சேர்த்தோம். மாதம் ஒரு முறை நீர்த்த புளித்த மோர் ஊற்றுவது அன்னையாரின் பழக்கம்.

கீழ்வீட்டாரின் உலர்த்திய துணிமீது எங்கள் தொட்டி நீர் சொட்டியதும், அவர்கள் குடியிருப்புச் சங்கத்தில் முறையிட்டதும், தொட்டிகளை உடனே அகற்றும்படி கடிதம் வந்ததும் நடந்தவையே. முறையீட்டில் நியாயம் இருந்தது. நனைந்த மண்தொட்டி பத்துக் கிலோவிற்கு மேல் எடையுள்ளது. அதனைத் தெருவின் தலைக்கு மேலே வெறும் விளிம்பில் நிறுத்துவது குற்றமே ஆகும். தொட்டிகளைக் கூண்டின் உட்புறத்துக்கு நகர்த்திக் கம்பியோடு கட்டி, காலையில் ஒரு குவளை நீர் மட்டும் ஊற்றுவது என்று முடிவாயிற்று. இன்று கீழ்வீட்டம்மாள் ரசம் வைக்கும் நாளில் எங்கள் அழைப்பு மணி அடிக்கும்.

மூன்றாம் ஆண்டில் வேறொரு பூசல் எழுந்தது. பறவை எச்சம் போன்ற கறுப்பு வெள்ளைப் புழுக்கள் சில தளிரில் அமர்ந்திருந்தன. சில நாளில் அவையே பச்சை நிறமாகிக் கொழுத்து, ஒரு கிளையை முழுதுமாகத் தின்று தீர்த்தன. எலுமிச்சை இனத்தில் முட்டையிடும் பட்டாம்பூச்சியின் புழுக்கள் அவை. அன்னையார் அவற்றைப் பொறுக்கி எறிய முற்பட்டார். எங்கள் சிறுமகள் தொட்டியைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்று அழுதாள். 'பாட்டி, நமக்கு மாட்டுங்காவிலே கிடைக்கும், இதுக்கு எங்கே கிடைக்கும்?' என்று அவள் கேட்டதற்கு எவரிடத்தும் விடை இல்லை. இரண்டு புழுக்களை மட்டும் விட்டுவைப்பது என்று உடன்பாடாயிற்று. இரண்டு வாரத்திற்குள் ஒன்று கூட்டை உடைத்துக்கொண்டு வெளிவந்தது. மற்றொன்றைக் குருவி கொண்டுபோயிற்று.

சிறுமகள் சொன்னது உண்மையே. மாட்டுங்காவில் கிடைக்காதது இல்லை. 1932-இல் தென்னிந்தியக் கல்விக் கழகம் பள்ளி தொடங்கிய காலத்திலேயே நம்மவர் நிறைந்த பகுதி அது. வாழையிலை, முருங்கைக்கீரை, கட்டுக் கட்டாகக் கறிவேப்பிலை எல்லாம் அங்கே உண்டு. பின் ஏன் சன்னலில் இத்தனை பாடு என்று கேட்கலாம். புறநகர் இரயிலில் செல்வோர் பல ஆண்டுகளாகக் கண்ட காட்சி ஒன்று உண்டு. இருப்புப் பாதையோரத்தில் பாத்தி கட்டி, அருகே ஓடும் சாக்கடை நீரைப் பாய்ச்சிக் கீரை விளைவித்தார்கள். சாக்கடையின் கிருமியைக் கழுவியும் வேகவைத்தும் ஒருவாறு போக்கலாம். வேர் வழியே இலைக்குள் ஏறிய ஈயம் போன்ற உலோகங்களை எந்தக் கழுவலும் போக்காது. எல்லாக் கீரையும் அங்கிருந்து வருவதன்று. பெரும்பகுதி நாசிக், புனே போன்ற வெளிமாவட்டங்களிலிருந்து வருகிறது. ஆயினும் கையில் உள்ள கட்டு எங்கே விளைந்தது என்று கடைக்காரரும் அறியார். வேகாமல் உண்ணும் கொத்தமல்லியையும் புதினாவையுமேனும் நாம் அறிந்த மண்ணிலும் நாம் அறிந்த நீரிலும் வளர்ப்பது, அன்று தொட்டியைக் கொட்டிய அன்னையாரின் கணக்கை ஒட்டியதே.

வெளிநாட்டில் வாழும் உறவினர்கள் கறிவேப்பிலைக் கன்று கொண்டுவரும்படி கேட்பதுண்டு. அன்பின் பேரில் இசைந்துவிடக் கூடாது. கறிவேப்பிலையில் வாழும் சிறு பூச்சி ஒன்று எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் பசுமை நோயைப் பரப்புவது. அமெரிக்காவில் பிளாரிடா மாநிலத்தில் 1998-இல் அப்பூச்சியும், 2005-இல் அந்நோயும் கண்டறியப்பட்டன. அதன் ஆரஞ்சுத் தோட்டங்கள் அடைந்த அழிவு பெரிது. அங்கே இக்கன்றை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்வதற்கே கட்டுப்பாடு உண்டு.

இனி அடுப்பைப் பார்ப்போம். இந்த இலைகளை எப்போது இடுவது என்பதில்தான் பாதிச் சமையல் இருக்கிறது. கறிவேப்பிலையின் மணம் எண்ணெயிற் கரைவது. ஆகவே கடுகு வெடித்து அடங்கியதும் தீயைத் தணித்து, ஈரம் துடைத்த இலையை இட்டு, அது முறுகும் முன்னரே இறக்க வேண்டும். ஈரத்தோடு இட்டால் கை சுடும் என்பதைத் தவிர வேறு பயனில்லை. கொத்தமல்லி, கொதியைத் தாங்காது. அதன் தண்டையும், இருந்தால் வேரையும் தட்டி ரசம் கொதிக்கும்போதே போடலாம். இலையை இறக்கிய பின்புதான் போட வேண்டும். கடையில் வாங்கும் கட்டில் வேரை வெட்டி எறிந்துவிடுகிறோம். சொந்தத் தொட்டியிலிருந்து பிடுங்கும்போது அது ஒரு தனிச் சுவை.

புதினாத் துவையலுக்கு இலையைச் சிறிது எண்ணெயில் வதக்கிக்கொள்வது நலம்; பச்சையாக அரைத்தால் சில சமயம் கசப்புத் தட்டும். கொத்தமல்லியை வதக்க வேண்டியதில்லை. வறுத்த உளுத்தம்பருப்பு, மிளகாய், புளி, பெருங்காயம் ஆகியவற்றை முதலில் அரைத்து, கொத்தமல்லியைக் கடைசியில் சேர்த்து இரண்டு சுற்று ஓட்டினாற் போதும். மின்கல்லில் வெகுநேரம் அரைத்தால் சூடேறி நிறமும் மணமும் போய்விடும். மும்பையில் வடாபாவுக்கும் சாண்ட்விச்சுக்கும் தடவும் பச்சைச் சட்னியில் குளிர்ந்த நீர் விட்டு அரைப்பதும் இதற்காகவே. கறிவேப்பிலை மிகுந்துவிட்டால் மிளகும் உளுந்தும் வறுத்து அரைத்து, நல்லெண்ணெயில் குழம்பு வைத்துவிடலாம். பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் ஊரில் முதலில் இடுவது அதுவே. கொத்தமல்லியில் சிலருக்கு சவர்க்கார மணம் தோன்றுவதுண்டு. அது அவர்கள் வாசனையை உணரும் பிறவி அமைப்பைப் பொறுத்தது. குழந்தை அவ்வாறு சொன்னால் பிடிவாதம் என்று கடிந்துகொள்ளற்க.

கற்பூரவள்ளியைச் சளிக்கு மட்டும் உரியதென்று ஒதுக்கிவைக்கிறோம். அதன் தடித்த இலையைக் கடலைமாவில் தோய்த்து பஜ்ஜி போடலாம். மாட்டுங்காவில் உணவுச்சாலை நடத்தும் உடுப்பிக்காரர்கள் நாட்டில் அதனைத் தேங்காயோடும் சீரகத்தோடும் அரைத்து மோரிற் கலந்து 'தம்புளி' என்று சோற்றுக்கு ஊற்றிக்கொள்வார்கள். வைகாசிப் புழுக்கத்துக்கு அதற்கு இணையில்லை. மராத்தியர் வீட்டுக் கொத்திம்பீர் வடியை, நாங்கள் முதன்முதலாக உண்டது போத்தலிற் புதினா கொண்டுவந்த அம்மையாரின் கையால். கொத்தமல்லியைக் கடலைமாவோடு பிசைந்து, ஆவியில் வேகவைத்து, துண்டமிட்டுப் பொரிப்பது அது. தேநீரில் அவர்கள் இடும் 'கவதி சஹா' என்னும் எலுமிச்சைப் புல்லும் இப்போது எங்கள் கூண்டில் ஒரு மூலையில் நிற்கிறது.

அந்த அம்மையார் இன்றும் தாராவியில்தான் வாழ்கிறார். மறுசீரமைப்புத் திட்டத்தில் தகுதியுடையோருக்கு 350 சதுர அடியில் வீடு என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. சென்ற முறை அவரைக் கண்டபோது எத்தனையாவது மாடி, எப்போது என்பவற்றை அவர் கேட்கவில்லை. புது வீட்டின் சன்னல் எந்தத் திசையில் இருக்கும் என்று உங்கள் அலுவலகத்தில் யாருக்கேனும் தெரியுமா என்றுதான் கேட்டார். எங்கள் அலுவலகத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று சொல்லிவிட்டு, கிழக்கு கிடைத்தால் நல்லது என்றோம்.

அன்னையாருக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. இலையைத் தடவியே முற்றியதா இளசா என்று சொல்கிறார். விளக்கு வைத்த பின்பு செடியிற் கை வைக்க அவர் விடுவதில்லை. ஆகவே இரவு ரசத்திற்கு வேண்டிய இணுக்கை மாலை ஆறு மணிக்கு முன்பே, அலுவலகத்திலிருந்து நாங்கள் திரும்புவதற்குள், பேத்தி கிள்ளி ஈரத்துணியிற் சுற்றி வைத்துவிடுகிறாள்.